பத்தாவது பெயர்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. இந்த ஒன்றரை வருடத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் இரண்டு. முதலாவது, நூலக அலுமாரியின் திறப்புச் சாவி எங்கே என்று கேட்டு வந்தது. இரண்டாவது, இப்போது ஆங்கிலப் பகுதிக்குப் பொறுப்பாயிருக்கும் இளம் ஆசிரியையிடமிருந்து.

“மிஸ், பாடத்திட்டமெல்லாம் மாறப்போகுதாம். எந்தப் பிள்ளையை எந்த இங்கிலிஷ் வகுப்பிலை போடுறது எண்டு ஒரு குறிப்பு எழுதித் தரச்சொல்லி அதிபர் கேக்கிறார். நீங்கள் எத்தினை வருசமாய் உந்த வேலையைச் செய்தனீங்கள். ஒரு பிள்ளைக்குச் சரியான பாதை இதுதான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

திறப்பு விஷயத்தில் என்னால் உடனே உதவ முடிந்தது. இந்தக் கேள்விக்கும் ஒரு பக்கத்தில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது வாக்குமூலம் மாதிரிப் போய்விட்டது. அவருக்கு வேறொன்றை எழுதி அனுப்பிவிட்டு, இதைத் தனியே எழுதுகிறேன்.

நான் எனக்கென்று எந்தப் பாதையையும் தெரிவுசெய்தவள் இல்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அந்த நேரம் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். அப்பா படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து, “இதிலை ஒரு கையெழுத்தை வை” என்றார். வைத்தேன். பிறகு பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம். அது யுத்தத்தால் மின்சாரமில்லாத காலம். உச்சரிப்புப் படிப்பித்தவரிடம் ஒலிநாடாப் பெட்டி இருந்தது. அதைப் போட வழியில்லை. கரும்பலகையில் ஒரு வாயை வெட்டுமுகமாக வரைந்து, எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவார். ஆங்கிலம் பேசுகிற நாக்கை நான் முதலில் பார்த்தது வெண்கட்டியில்தான். காதால் கேட்டதெல்லாம் நியமனம் கிடைத்து வெகுகாலத்துக்குப் பிறகு. இப்படி வந்து சேர்ந்த ஆளிடம், அரியாலைப் பக்கத்து நடுத்தரப் பள்ளிக்கூடம் ஒன்றில், மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பாதை தெரிவுசெய்யும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் இரண்டு இடத்தில் கிளைவிடும். ஆறாம் வகுப்பில், கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்தில் படிப்பதா, எல்லாவற்றையும் தமிழில் படிப்பதா என்பது முதலாவது. பத்தாம் வகுப்பில், பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரணதரப் பரீட்சைக்கு எல்லோரும் படிக்கும் ஆங்கிலத்தோடு ஆங்கில இலக்கியத்தையும் விருப்பப் பாடமாக எடுப்பதா என்பது இரண்டாவது.

ஆறாம் வகுப்புத் தெரிவுக்கு எழுத்துப் பரீட்சை நாற்பது புள்ளி, நேர்முகம் பத்துப் புள்ளி. நேர்முகத்தில் வளர்ந்து என்னவாக வர விருப்பம் என்று ஆங்கிலத்தில் கேட்போம். வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் டொக்டர். மிச்சப் பேர் கேள்வி விளங்காதவர்கள். ஒருமுறை ஒரு பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னாலிருந்த யன்னலையே பார்த்துப் பதில் சொன்னது. திரும்பிப் பார்த்தால் தாய் வெளியே நின்று சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய உச்சரிப்பு, வாயசைவை வைத்துப் பார்க்கும்போது, என்னுடையதைவிடத் திருத்தமாகவே இருந்தது. பத்துக்கு ஒன்பது போட்டேன். யாருக்குப் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

தெரிவுப் பட்டியல் கடைசியில் போவது அதிபர் தில்லைநாதன் சேரிடம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணித ஆசிரியராக இருந்து அதிபரானவர். மெலிந்த, நெடிய மனிதர். யாருக்கும் அவர் ‘இல்லை’ என்று சொன்னதை நான் கேட்டதில்லை. எதைப் போய்க் கேட்டாலும், “நல்ல விஷயம். எழுதித் தாங்கோ” என்பார். எழுதிக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பார். எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் திருத்துவார். பிறகு மேசையின் இடதுபக்க லாச்சியை இழுத்து அதற்குள் வைப்பார். அந்த லாச்சிக்குள் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. தான் ஓய்வு பெற்ற அன்றைக்குத்தான் லாச்சியைத் திறந்து, அவரவர் எழுதிய கடிதங்களை அவரவரிடமே பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பதினாறு கிடைத்தன. பிழைகள் எல்லாம் ஒழுங்காகத் திருத்தப்பட்டிருந்தன.

வலதுபக்க லாச்சிக்குள் ஒரு கொப்பி இருந்தது. அதில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, சாதாரணதரத்தில் எத்தனை ஏ வரும் என்று பென்சிலால் குறித்துவைப்பார். ஒன்பது பாடம், ஒன்பது ஏ. அதை எடுத்த பிள்ளையின் படம் பெரிய பதாகையாகப் பள்ளிக்கூட வாசலில் தொங்கும். பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் வாசல்களில் அது வருடா வருடம் தொங்கியது. எங்கள் வாசலில் தொங்கி வெகுகாலம்.

ஆனால் அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலத்தில் படிக்கும் வகுப்புக்கு நான் ஐம்பதுக்கு நாற்பத்தேழு புள்ளி போட்டு அனுப்பிய பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு வரும்போது வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டான். ஆங்கிலத்தில் மட்டுமில்லை, தமிழிலும். விசாரித்தால், பின்னேரம் வீட்டில் தாயோடு இருந்து விஞ்ஞானப் புத்தகத்தை வரிவரியாகத் தமிழாக்கிப் பாடமாக்கி, பிறகு அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறான். தமிழ் வகுப்புக்கு மாற்றுவோம் என்றேன். வங்கியில் வேலை பார்த்த தகப்பன் சம்மதிக்கவில்லை.

“கனடாவிலை இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டம் மிஸ். இப்ப என்னெண்டு திரும்பச் சொல்லுறது?”

தில்லைநாதன் சேரிடம் போனேன். வழக்கம்போல எழுதித் தரச்சொல்லி, கண்ணாடியைத் துடைத்து வாசித்தார். பிறகு தானே ஒரு கடிதம் எழுதினார். ‘தங்கள் மகன் தாய்மொழியில் விஞ்ஞானத்தை ஆழமாகக் கற்கும் விசேட பிரிவுக்குத் தெரிவுசெய்யப்பட்டுள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறேன்.’ அந்த விசேட பிரிவு என்பது எட்டு பி. தமிழ் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். ‘தெரிவுசெய்யப்பட்டுள்ளார்’ என்ற சொல்லைக் கண்டதும் தகப்பன் நன்றி சொல்லிக் கையெழுத்திட்டார். இரண்டு கிழமையில் பையன் கதைக்கத் தொடங்கினான். பிறகு அவனை நிற்பாட்டத்தான் ஆள் தேவைப்பட்டது.

இனி, நான் எழுத உட்கார்ந்ததன் காரணம்.

பத்தாம் வகுப்பில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் தொகுதிப் பாடம். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று அதே தொகுதியில் இருக்கும். ஒன்றைத்தான் எடுக்கலாம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்வது சித்திரம். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் ஏ உறுதி. ஆங்கில இலக்கியத்தில் ஏ என்பது எங்கள் பக்கத்தில் எப்போதாவது நடக்கிற காரியம். ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோர் கையெழுத்தோடு படிவம் வரும். அதில் ‘சிபார்சு செய்கிறேன்’, ‘சிபார்சு செய்யவில்லை’ என்ற இரண்டில் ஒன்றை நான் சிவப்புப் பேனையால் எழுத வேண்டும்.

இலக்கிய வகுப்பு நூலகத்தின் ஒரு மூலையில் நடக்கும். ஒரு நீள மேசை, சுற்றிக் கதிரைகள். என் உத்தியோக வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த இடம் அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை. மற்ற நேரமெல்லாம் நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் வினைச்சொல்லின் இறந்தகாலத்தை எழுதிக்கொண்டு நின்றவள். ஆனால் அதிபரின் விதி ஒன்று இருந்தது. பத்துப் பேர் இல்லாத பாடத்துக்கு நேரசூசியில் இடமில்லை. ஒவ்வொரு வருடமும் பத்துப் பேரைத் தேடுவதே எனக்கு ஒரு தொழிலாயிருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, படிவங்கள் வந்து முடிந்தபோது என்னிடம் ஒன்பது பேர் இருந்தார்கள்.

அந்த வருடம் அதிபரின் கொப்பியில் முதல் பெயர் அனிற்றா. கொழும்புத்துறையில் கடல் தொழில் செய்யும் அந்தோனிப்பிள்ளையின் மூத்த மகள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின இரட்டைப் பின்னல். கேட்டதற்குமேல் ஒரு சொல் கதைக்காத பிள்ளை. எல்லாப் பாடத்திலும் எண்பதுக்கு மேல். அவளுடைய பெயருக்கு நேரே பென்சிலால் ஒன்பது என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார். நகரத்துப் பெரிய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர உயிரியல் பிரிவுக்கு வெளியிலிருந்து சில பிள்ளைகளை எடுப்பார்கள். ஒன்பது ஏ இருந்தால் இடம் கிடைக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டும்தான்.

அனிற்றாவின் படிவத்தில் சித்திரம் என்று எழுதி வெட்டி, மேலே ஆங்கில இலக்கியம் என்று எழுதியிருந்தது. அதை வெட்டவுமில்லை, உறுதி செய்யவுமில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

அதிபர் கூப்பிட்டார்.

“சித்திரம் எண்டால் ஒன்பது வரும். உந்த இலக்கியம் எண்டால் எட்டும் ஒண்டும்தான். எனக்கு உந்தப் பாடத்திலை கோவம் ஒண்டும் இல்லை. கணக்கைத்தான் சொல்லுறன்.”

“பிள்ளைக்கு விருப்பம் போலை இருக்குது சேர்.”

“விருப்பம் நல்ல விஷயம்.” கண்ணாடியைக் கழற்றினார். “உங்கடை வகுப்புக்கு இப்ப எத்தினை பேர்?”

“ஒன்பது சேர்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார். பிறகு போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “தகப்பனை வரச் சொல்லியிருக்கிறன். நீங்கள் கதையுங்கோ. நீங்கள் சொல்லுறபடி செய்வம்.”

எழுதித் தாங்கோ என்று அவர் சொல்லாமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

அந்தோனிப்பிள்ளை அடுத்தநாள் பத்துமணிபோல் வந்தார். அயர்ன் பண்ணிய சட்டை. கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். ஆசிரியர் அறைக்குள் வரவில்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுத்தேன். நுனியில் இருந்தார்.

“மோள் இலக்கியம் எண்டுறாள். சித்திர ரீச்சர் சித்திரம் எண்டுறா. பெரிய சேர் உங்களைக் கேக்கச் சொல்லுறார்” என்றார். “எனக்கு இந்தக் கடதாசியிலை என்ன எழுதியிருக்கெண்டே வடிவாய் விளங்காது மிஸ். இவளுக்குக் கடற்றொழில் கந்தோரிலை உத்தியோகம் பாக்க வேணுமாம். அதுக்கு உயிரியல் படிக்க வேணுமாம். அதுதான் எனக்குத் தெரிஞ்சது.”

“அனிற்றா கெட்டிக்காரி. எதை எடுத்தாலும் செய்வாள்.”

“அது நீங்கள் எல்லாப் பிள்ளையளுக்கும் சொல்லுறது தானே.” சிரிக்காமல்தான் சொன்னார். “ஒரு விஷயம் கேக்கிறன், கோவிக்கக்கூடாது. இவள் உங்கடை பிள்ளையெண்டால் நீங்கள் என்ன செய்வியள்? அதைச் சொல்லுங்கோ. அப்பிடியே செய்வம்.”

என் சொந்த மகள் அதற்கு மூன்று வருடத்துக்கு முன்பு சாதாரணதரம் எழுதியவள். அவள் எடுத்த பாடம் சித்திரம். எடுக்கச் சொன்னது நான். ஏ வந்தது. ஆங்கில ஆசிரியையின் மகள் ஏன் ஆங்கில இலக்கியம் எடுக்கவில்லை என்று யாரோ கேட்டதற்கு, அவளுக்குக் கைவண்ணம் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். இன்றைக்கும் அவளுக்கு ஒரு வாழைப்பழத்தின் படம் கீறத் தெரியாது.

இவ்வளவும் அந்த ஒரு நொடியில் என் தலைக்குள் வந்து போயிற்று. கூடவே நூலக மூலை, நீள மேசை, ஒன்பது கதிரை.

“என்ரை பிள்ளையெண்டால் இலக்கியம்தான் எடுக்கச் சொல்லுவன்” என்றேன்.

அவர் உடனே எழும்பினார். “அது காணும் மிஸ், வேறை ஒண்டும் வேண்டாம்.” படிவத்தை என் முன்னால் வைத்தார். சிவப்புப் பேனையால் ‘சிபார்சு செய்கிறேன்’ என்று எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட வடிவாக வந்தது.

அனிற்றா இரண்டு வருடம் அந்த மேசையின் கோடியில் இருந்தாள். மற்ற ஒன்பது பேரும் நான் கொடுத்த குறிப்புகளைப் பாடமாக்கினார்கள். இவளும் பாடமாக்கினாள். ஆனால் இடையிடையே ஏதாவது சொல்லுவாள். கடலைப் பற்றி ஒரு கவிதை. கடல் அமைதியாகக் கரையைத் தாலாட்டுகிறது என்று போகும். எல்லோரையும் ரசிக்கச் சொன்னேன்.

“இவர் கடலுக்குப் போகாத ஆள் மிஸ்” என்றாள் அனிற்றா.

“ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?”

“கடல் அசையாமல் கிடந்தால் அப்பாவுக்குப் பயம். பேந்து என்ன வரும் எண்டு தெரியாது. இவர் கரையிலை நிண்டு பாத்து எழுதியிருக்கிறார்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. “அதைத்தான் எழுத வேணும். நீர் நினைக்கிறதைப் பயப்பிடாமல் எழுதும்” என்று சொன்னேன். தவணைப் பரீட்சையில் அவள் அதை எழுதினாள். முழுப் புள்ளியும் போட்டேன். பரீட்சைத் திணைக்களத்தின் விடைத்தாள் திருத்துபவருக்கு மயிர்க்கூச்செறிய நேரம் இருக்காது என்பதைச் சொல்ல மறந்துபோனேன். மறந்துபோனேன் என்று எழுதுவதும் முழு உண்மையில்லை. நல்ல ஆசிரியை ஒருத்தியாக என்னை நானே பார்த்துக்கொண்டிருந்ததில் அது ஞாபகம் வரவில்லை.

பெறுபேறு வந்தது. எட்டு ஏ. ஆங்கில இலக்கியம் சி.

அதிபர் வலதுபக்க லாச்சியைத் திறந்து, கொப்பியை எடுத்து, ஒன்பதை அழிறப்பரால் அழித்துவிட்டு எட்டு என்று எழுதினார். இரண்டு கோட்டையும் அழித்தார். கடதாசித் தூளை ஊதிவிட்டு, “எட்டும் நல்லதுதான்” என்றார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய வேறொரு பள்ளிக்கூடத்தில் உயிரியலுக்குச் சேர்ந்தாள். அங்கே இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத் திரும்பி எங்களிடமே கலைப்பிரிவுக்கு வந்தாள். விறாந்தையில் தூரத்தில் கண்டால் நான் நூலகப் பக்கம் திரும்பிவிடுவேன். அவளும் என்னைக் கண்டால் வேறு பக்கம் போவாள். கோபம் என்று நினைத்தேன். கோபிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது என்றும் நினைத்தேன். போய்ச் சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு. அவள் புவியியல் படித்துப் பல்கலைக்கழகம் போனாள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டபோது, அப்பாடா, இனிச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்ததும் உண்டு. இலக்கிய வகுப்பு நான் ஓய்வு பெறும்வரை நடந்தது.

போன வருடம் ஒரு காலையில் நானும் என் கணவரும் மீன் வாங்க மயிலிட்டிக்குப் போனோம். அவர் விளைமீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். துறைமுகக் கட்டடத்தின் பக்கத்தில் ஒரு பெண் கைத்தொலைபேசியில் ஆங்கிலத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஐஸ் அடிக்கும் இயந்திரம் பழுதாகி நான்கு நாளாம், ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்களாம், எங்கே ஆளாம். இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்துதான் வந்தன. மனதுக்குள் திருத்திக்கொண்டு நின்றேன். ஆனால் மற்றப் பக்கத்தில் இருந்தவன் பின்வாங்குவது எனக்கே விளங்கியது. பின்னேரத்துக்குள் ஆள் வருவதாக அவன் ஒப்புக்கொண்டதும் அவள் தொலைபேசியை வைத்தாள். திரும்பினாள்.

“மிஸ்!”

அனிற்றா. கடற்றொழில் கந்தோரில் உத்தியோகம். புவியியல் பட்டத்தை வைத்துப் போட்டிப் பரீட்சை எழுதி எடுபட்டாளாம். நான் பார்த்துப் பார்த்துத் தெரிவுசெய்து கொடுத்த பாதைக்கும் அவள் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்தோம். அவள் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். என் காதில் ஏறவில்லை. இடையில் மறித்துச் சொல்லிவிட்டேன்.

“அனிற்றா, அண்டைக்கு நான் உங்கடை அப்பாவுக்குச் சொன்னது பொய். என்ரை மகளுக்கு நான் சித்திரம்தான் எடுத்துக் குடுத்தனான். வகுப்பிலை ஒன்பது பேர்தான் இருந்தவை. பத்துப் பேர் இல்லாட்டி வகுப்பை நிப்பாட்டிப்போடுவினம். அதுக்காகத்தான் உம்மை எடுத்தனான்.”

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எனக்கு அது தெரியாது மிஸ்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது. “நீங்கள் என்னை நம்பி எடுத்தனீங்கள், நான்தான் உங்களை ஏமாத்திப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். சி வந்த உடனை உங்களுக்கு முகம் குடுக்கேலாமல் போச்சு. விறாந்தையிலை கண்டால் ஒளிப்பன். இவ்வளவு காலமும் எனக்குத்தான் மூளை காணாது எண்டு நினைச்சனான்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் வந்தது என்று நினைக்கிறேன். அவள் கையைக் காட்டி நிற்பாட்டினாள்.

“இல்லை மிஸ். அது பரவாயில்லை எண்டு சொல்ல எனக்கு இப்ப ஏலாது. கொஞ்சம் யோசிக்க வேணும்.” எழும்பிச் சேலையைச் சரிசெய்தாள். “ஒண்டு மட்டும். அப்பாவுக்கு இதைச் சொல்லாதையுங்கோ. அவர் இண்டைக்கும் உங்கடை பேரைத்தான் சொல்லுவார். ஊரிலை ஆர் பிள்ளையின்ரை படிப்பைப் பற்றிக் கேட்டாலும், போய் அந்த மிஸ்ஸைக் கேளுங்கோ எண்டு அனுப்பிப்போடுவார்.”

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருடமும் படிவம் கொடுக்கும் காலத்தில் கொழும்புத்துறையிலிருந்து மட்டும் இரண்டு மூன்று பேர் தவறாமல் என்னைத் தேடி வந்தார்கள். என் திறமை எப்படியோ கடற்கரைவரை பரவியிருக்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த ஆலோசனைகளிலேயே மோசமான ஒன்றுக்குக் கிடைத்த நற்பெயர் அது.

அனிற்றா பிறகு என்னைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. யோசித்து முடியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அது அவளுடைய நேரம்.

போன கிழமை ஒரு பின்னேரம் வாசல் படலைச் சத்தம் கேட்டது. நாற்பது வயதுமட்டில் ஒருவர் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு நின்றார். பின்னால் சீருடையோடு ஒரு பெட்டைப் பிள்ளை.

“மிஸ் ரிட்டையர் ஆகிட்டியள் எண்டு தெரியும். எண்டாலும் அந்தோனிப்பிள்ளை அண்ணைதான் அனுப்பினவர்” என்று சொல்லி, மடித்த படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். “இலக்கியமோ, சித்திரமோ? நீங்கள் சொன்னாச் சரி.”

இருவரையும் விறாந்தையில் இருத்தினேன். இந்தமுறை சரியாகச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தோனிப்பிள்ளையின் பெயரையும் மகளின் பெயரையும் மட்டும் சொல்லவில்லை. ஒருத்தருடைய பிள்ளை எனக்குப் பத்தாவது பெயராகத் தேவைப்பட்டது, அதற்காக நான் பொய் சொன்னது, சி வந்தது, உயிரியல் போனது, அந்தப் பிள்ளை வருடக்கணக்காகத் தன்னை மட்டமாக நினைத்தது. எந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு உண்மையில் தெரியாது, என்றைக்குமே தெரிந்ததில்லை என்றும் சொன்னேன். முப்பது வருட உத்தியோகத்தில் யாருக்கும் இவ்வளவு நேர்மையாக நான் கதைத்ததில்லை.

அவர் ஒரு சொல்லும் குறுக்கே பேசாமல், தலையை ஆட்டி ஆட்டி, கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும் படிவத்தை விரித்து என் முன்னால் வைத்து, அதன்மேல் பேனையையும் வைத்தார்.

“அது சரி மிஸ். இப்ப இவளுக்கு எதை எழுத?”

நான் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் என்னைப் பார்த்தார்.